விரல் முளைத்த புல்: புற்பெரணியைக் கண்டுபிடிப்பது எப்படி

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் புல் என்றால் இரண்டே வகைதான். மாட்டுக்கு அறுப்பது ஒன்று, மருந்தடித்துக் கொல்வது இன்னொன்று. நானும் பால்மரக் காட்டில்தான், அதாவது ரப்பர்த் தோட்டத்தில்தான் வளர்ந்தேன். அம்மா மரம் வெட்டி (பட்டையைக் கீறி) முடித்துப் பால் எடுக்கப் போகும்போது பின்னாலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு போவேன். நிரைக்கு நிரை மிதித்து நடந்த அந்தப் புல்லில் ஒன்று புல்லே இல்லை, ஒரு பெரணி என்று தெரிய எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. அன்றைக்கு ஒரு பழைய காட்டில், பால் பிடிக்கும் மங்கு ஒன்று மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறதே என்று எடுக்கக் குனிந்தேன். பக்கத்தில் நின்ற மெல்லிய பச்சைத் தாளின் நுனியில் பழுப்பு நிறத்தில் ஏழெட்டு விரல்கள். ஒரு குழந்தை கையை விரித்து மேலே நீட்டியது மாதிரி. அதற்கப்புறம் எங்கே போனாலும் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறேன்.

அந்தச் செடியின் பெயர் ஆக்டினோஸ்டேக்கிஸ் டிஜிட்டேட்டா. தமிழில் நான் புற்பெரணி என்று சொல்லிக்கொள்கிறேன். அதன் நெருங்கிய சொந்தம் ஸ்கைசீயா டைக்கோட்டோமா, விசிறி மாதிரி கிளைகிளையாகப் பிரிவது. மலேசியாவின் தாழ்நிலக் காடுகளில் இரண்டும் இருக்கின்றன, சிங்கப்பூரிலும் இரண்டும் உள்ளூர்ச் செடிகளே. விரல் உள்ளது இலங்கையிலும் கேரளக் காடுகளிலும் உண்டு. விசிறி இன்னும் தூரம் போகிறது. மடகாஸ்கர் பக்கத்திலிருந்து பசிபிக் தீவுகள் வரை இருக்கிறது, நியூசிலாந்தின் வடக்கே கௌரி என்ற காட்டு மரங்களின் அடியில்கூட வளர்கிறது. இவ்வளவு பரவலாக இருந்தும் நம்மில் பெரும்பாலோர் இதைப் பார்த்ததே இல்லை. புல் மாதிரி இருப்பதுதான் காரணம். அதனால் இதைத் தேடுவதும், பார்த்தால் உறுதிசெய்வதும், பார்த்தபின் செய்யக்கூடியதும் கூடாததும் என்னென்ன என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பெயரில் கொஞ்சம் குழப்பம் வரும், அதை முதலில் முடித்துவிடலாம். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்த இரண்டையுமே அக்ரோஸ்டிக்கம் என்ற பேரினத்தில் போட்டார். 1793இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜேம்ஸ் எட்வர்டு ஸ்மித் ஸ்கைசீயா என்று தனிப் பேரினம் ஆக்கினார். கிரேக்க மொழியில் பிளப்பது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. பிறகு 1829இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் வாலிச், விரல் உள்ளதைப் பிரித்து ஆக்டினோஸ்டேக்கிஸ் என்று பெயர் வைத்தார். சூரியக் கதிர்போல் விரிந்த பூங்கதிர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெகுகாலம் பலர் அதை ஏற்கவில்லை. சிங்கப்பூர் பூங்காவில் இயக்குநராக இருந்த ஹோல்ட்டம் இந்தப் பகுதியின் பெரணிகளை எழுதியபோதும் எல்லாவற்றையும் ஸ்கைசீயா என்றே வைத்தார். ஆகவே பழைய பட்டியலில் ஸ்கைசீயா டிஜிட்டேட்டா என்று பார்த்தால் அது வேறு செடி இல்லை, நம் விரல்காரிதான்.

எங்கே தேடுவது

திறந்த வெயிலில் தேடாதீர்கள், நேரம் வீண். லாலான் புல் அலையடிக்கும் இடத்திலும், ரேசாம் பெரணி புதர்போல் மூடிக் கிடக்கும் சரிவிலும் இது கிடைக்காது. அங்கெல்லாம் வெளிச்சம் அதிகம், போட்டியும் அதிகம். அதே மாதிரி, செடிகொடி நெருக்கமாகத் தழைத்து நிற்கும் கொழுத்த மண்ணிலும் கிடைப்பது அரிது. இது வேண்டுவது மெல்லிய நிழல், வடிகால் உள்ள ஏழை மண், மேலே சருகு. மணல் கலந்த மேட்டுநிலம், காட்டுப்பாதை ஓரத்தில் சற்றே உயர்ந்த திட்டு, பெரிய மரத்தின் வேர்கள் மண்ணைத் தூக்கிப் பிடித்திருக்கும் இடம், இப்படிப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் பழைய பால்மரக் காடு நல்ல இடம். மரங்கள் வரிசையாக இருப்பதால் நிழல் சீராக விழுகிறது. பால்வெட்டு நின்றுபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தால் சருகு கனமாகச் சேர்ந்திருக்கும், மருந்தும் அடித்திருக்க மாட்டார்கள். இரண்டு செடிகளுமே இப்படிப்பட்ட காடுகளில் தென்படுவதுண்டு. விசிறியை மூங்கில் புதர்களின் அடியிலும் பாருங்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் தரையில் தேடிப் பயனில்லை என்பது என் அனுபவம். அங்கே பெரணி நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலும் பனையின் தண்டில் தொங்குபவை, அல்லது நிலமூடுசெடியாக வேண்டுமென்றே விட்டுவைக்கும் நெப்ரோலெப்பிஸ் பெரணி.

மலை ஏறுபவர்கள் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கலாம். உயரத்தில், பாசி படர்ந்த முகடுகளில் ஸ்கைசீயா மலக்கானா என்று ஒரு சின்னச் செடி இருக்கிறது. கிளைக்காத ஒற்றைத் தாள், நுனியில் ஒரு குட்டிச் சீப்பு. அதைக் கண்டுபிடிக்கப் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும்.

மழை பெய்து ஓய்ந்த அடுத்த நாள் காலை போவதுதான் நல்லது. சருகு நனைந்து கருத்திருக்கும், அதன்மேல் பச்சைத் தாள்கள் எடுப்பாகத் தெரியும். காய்ந்த சருகின்மேல் பழுப்பு விரல்கள் சருகோடு சருகாகக் கலந்துவிடும். அட்டைக்குப் பயந்தால் காலுறையை கால்சட்டைக்குமேல் இழுத்து விடுங்கள், கொசு மருந்தை காலணியிலும் தடவுங்கள். தனியாகப் போகாதீர்கள். சருகில் கையை விடுவதற்குமுன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள், பாம்பும் நிழலைத்தான் தேடும்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை அதிகம் இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று, நகைக்கடையில் கல் பார்ப்பார்களே அதுவே போதும். ஒரு சின்ன அளவுகோல், கைப்பேசி, வெள்ளைத் தாளில் மடித்த இரண்டு மூன்று உறைகள், பென்சில். பேனா வேண்டாம், ஈரத்தில் அழியும். மண்வெட்டியும் பாராங் கத்தியும் வேண்டவே வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பார்க்கும் முறை

நடந்துகொண்டே இதைக் கண்டுபிடிக்க முடியாது. இதை நான் அடித்துச் சொல்வேன். தாள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம்தான், உயரம் ஒரு சாணிலிருந்து ஒரு முழத்துக்குள். நின்று பார்த்தால் நம் கண் அதைத் தாண்டித் தரைக்குப் போய்விடும். நல்ல இடம் என்று தோன்றினால் குத்துக்காலிட்டு உட்காருங்கள், கண் முழங்கால் உயரத்துக்கு வரட்டும். பிறகு தரையைப் பார்க்காமல், தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கும் வெளியைப் பாருங்கள். தாள்களின் நுனிகள் அங்கேதான் இருக்கும். ஒரு இடத்தில் இரண்டு நிமிஷம். கண்ணுக்குப் பழக நேரம் வேண்டும். ஒன்று தட்டுப்பட்டால் எழுந்திருக்காதீர்கள், பக்கத்திலேயே இன்னும் நாலைந்து நிற்கும், அவற்றில் ஒன்றிரண்டை நீங்கள் ஏற்கனவே மிதித்திருக்கலாம்.

சரி, ஒன்றைப் பார்த்துவிட்டீர்கள். அது புற்பெரணிதானா?

நம்மவர்கள் முதலில் சொல்வது, இது அருகம்புல் பூத்தது மாதிரி இருக்கிறதே என்பதுதான். நியாயமான சந்தேகம். அருகம்புல்லின் கதிரும் ஒரே புள்ளியிலிருந்து நாலைந்து விரலாக விரிகிறது, கேழ்வரகுக் கதிரும் அப்படித்தான், வீட்டு வாசலில் முளைக்கும் காட்டுக் கேழ்வரகும் அப்படித்தான். வித்தியாசம் விரலுக்குக் கீழே இருக்கிறது. புல்லில் கதிரைத் தாங்குவது ஒரு தண்டு. உருண்டையாக இருக்கும், கீழே தடவிக்கொண்டே போனால் கணு தட்டும், கணுவிலிருந்து இலை தண்டை உறைபோல் சுற்றிக்கொண்டு கிளம்பும். புற்பெரணியில் தண்டே இல்லை. நாம் தாள் என்று பிடித்திருப்பது முழுக்க ஒரே ஒரு இலை. அடியில் சற்று முக்கோணமாக, மேலே தட்டையாக, நடுவில் ஒரு நரம்பு ஓட, அந்த இலையின் நுனியே விரல்களாகப் பிரிகிறது. கணு கிடையாது, உறை கிடையாது. அடிவரை விரலால் நீவிப் பாருங்கள், ஒரே வழவழப்பாக மண்ணுக்குள் போய்விடும்.

அடி முக்கோணமாக இருப்பதால் கோரை என்று நினைக்கவும் வாய்ப்பு உண்டு. கோரையின் தலையில் செதில் செதிலாக அடுக்கிய பூக்கள் இருக்கும், கசக்கினால் சின்னச் சின்ன கொட்டைகள் உதிரும். இங்கே கொட்டை எதுவும் உதிராது, தூள்தான் வரும். விரல் இல்லாத வெறும் தாள்களும் அதே கொத்தில் நிற்கும். அவை மலட்டு இலைகள், அவற்றை மட்டும் பார்த்து எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. விரல் உள்ள ஒன்றையாவது பார்க்கும்வரை பெயர் சொல்லாதீர்கள். இன்னொரு நல்ல அடையாளம் குருத்து. புல்லின் குருத்து ஊசிமாதிரி நேராகக் கிளம்பும். இதில் இளம் இலையின் நுனி உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். சந்தையில் வாங்கும் பூச்சோக் பாக்கு என்ற பெரணிக் கீரையின் தலை சுருண்டிருக்குமே, அதே குணம், அளவில் மிகச் சின்னது.

விசிறியை, அதாவது ஸ்கைசீயா டைக்கோட்டோமாவை, அடையாளம் காண்பது இன்னும் எளிது. ஈர்க்குச்சி மாதிரி ஒரு காம்பு மேலே வந்து இரண்டாகப் பிரியும், ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக, மறுபடி இரண்டாக. பனையோலை விசிறியில் ஓலையைக் கிழித்துவிட்டு நரம்பை மட்டும் விட்டால் எப்படியோ அப்படி. ஒவ்வொரு நுனியிலும் சில மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு பழுப்புச் சீப்பு. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியது சைலோட்டம். அதுவும் இரண்டிரண்டாகப் பிரியும், பனைத் தண்டுகளிலும் சுவர் வெடிப்புகளிலும் நிறைய இருக்கும். ஆனால் அதில் நுனியில் சீப்பு இருக்காது, கிளையின் பக்கவாட்டில் மஞ்சள் நிறக் குட்டி உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்திலிருந்து நாடாபோல் கீழே தொங்கும் புல் மாதிரியான பெரணி என்றால் அது விட்டேரியா, வேறு குடும்பம். நம்முடையது மண்ணில் நிற்பது, மேல்நோக்கி நிற்பது.

விரலும் விசிறியும் ஒரே இடத்தில் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பேரினப் பிரிவின் காரணம் புரிந்துவிடும். விசிறியின் சீப்பில் பற்கள் ஒரு சின்ன நடுத்தண்டின் இருபுறமும் வரிசையாக நிற்கின்றன. விரல்காரியில் நடுத்தண்டு இல்லை, எல்லா விரலும் ஒரே முனையிலிருந்து கிளம்புகின்றன.

வில்லையை எடுங்கள்

இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. செடியைப் பிடுங்காமல், நீங்கள் குனிந்து, வில்லையைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, விரலைச் சற்றே திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். விரலின் ஓரங்கள் உள்ளே மடிந்திருக்கும். மடிப்புக்குள் வரிசையாகப் பழுப்புநிற மணிகள். அவைதான் வித்துப்பைகள், பெரணி பெருகும் தூள்போன்ற வித்துகள் இருக்கும் பைகள். மற்றப் பெரணிகளின் வித்துப்பையைப் பார்த்தவர்களுக்கு உடனே ஒரு வித்தியாசம் தெரியும். வழக்கமாகப் பையைச் சுற்றி ஒரு தடித்த வளையம் முதுகெலும்பு மாதிரி ஓடும். இங்கே அந்த வளையம் பையின் தலைமேல் தொப்பிமாதிரி உட்கார்ந்திருக்கிறது. காயும்போது அது இழுக்க, பை நெடுக்காக வெடித்துத் தூள் வெளியேறுகிறது.

இந்தத் தொப்பி, வம்ச அடையாளம். பால்மரக் காட்டு வேலியோரம் சுற்றிச் சுற்றி ஏறுமே, மலாய்க்காரர்கள் ரிபு-ரிபு என்பார்களே அந்தக் கொடிப் பெரணி, லைகோடியம், அதற்கும் இதே தொப்பிதான். பார்வைக்கு இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது பல அடி நீளம் படர்கிறது, இது ஒரு முழம் தாண்டாது. ஆனால் அந்தக் கொடி முழுவதும் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும் ஓர் இலை, இந்தத் தாளும் ஓர் இலை. இந்த வம்சத்தின் தொல்லெச்சங்கள் ஜுராசிக் காலம்வரை போகின்றன. வேலியில் இருக்கும் ரிபு-ரிபுவில் முதலில் பார்த்துப் பழகிக்கொண்டு காட்டுக்குப் போனால், வில்லையில் எதைத் தேடுவது என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு படி மேலே போகலாம். நன்றாகப் பழுப்பேறிய விரல் ஒன்றே ஒன்று, முழு இலை இல்லை, ஒரு விரல் மட்டும் கிள்ளி, வெள்ளைத் தாளின்மேல் வைத்து மடித்து, ஒரு கனமான புத்தகத்தின் கீழ் இரவு முழுக்க வைத்திருங்கள். (எங்கே கிள்ளலாம், எங்கே கூடாது என்பதற்குக் கீழே வருகிறேன்.) காலையில் தாளில் மெல்லிய தூள் படிந்திருக்கும். பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியில் ஒரு துளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு வித்தும் அவரைக்கொட்டை மாதிரி, ஒரு பக்கம் ஒற்றைக் கோடுடன் இருக்கும். அதே வேலையை ரிபு-ரிபு தூளில் செய்தால் வித்து உருண்டு முக்கோணமாக, மூன்று கைகளாகப் பிரியும் கோட்டுடன் இருக்கும். அக்காள் தங்கை என்றாலும் முகம் வேறு. ஒரு மாலையில் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

தோண்டாதீர்கள்

முதல் செடியைப் பார்த்த அடுத்த வாரமே நான் ஒரு கரண்டியோடு திரும்பிப் போனேன். மண்ணோடு ஒரு கட்டியாக எடுத்து, அதே காட்டுச் சருகைப் போட்டு, மண்தொட்டியில் நட்டு, வீட்டுப் பின்புறம் நிழலில் வைத்தேன். தண்ணீரும் மழைத்தண்ணீர்தான் ஊற்றினேன். மூன்று வாரம் நன்றாக இருந்தது. பிறகு நுனியிலிருந்து பழுத்து, ஒவ்வொரு தாளாகக் காய்ந்து, இரண்டாவது மாதம் தொட்டியில் வெறும் மண். காட்டில் அது எத்தனை வருஷமாக நின்றிருந்ததோ தெரியாது. இன்னும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

எது தவறு என்று பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பெரணிக்கு இரண்டு வாழ்க்கை உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். வித்து விழுந்து முளைத்தால் உடனே பெரணி வராது. முதலில் வேறொரு சின்ன உயிர் வரும், அதில்தான் ஆண் பெண் அணுக்கள் உண்டாகிக் கலந்து, அதிலிருந்து நாம் பார்க்கும் பெரணி எழும். சாதாரணப் பெரணிகளில் அந்தச் சின்ன உயிர் பச்சையாக, நகம் அளவுக்குக்கூட வராத இதய வடிவத் தகடாக, ஈரமண்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்கைசீயாவில் அது தகடே இல்லை, பாசி முளைத்த மாதிரி இழை இழையாக இருக்கிறது, கூடவே பூஞ்சை வாழ்கிறது. ஆக்டினோஸ்டேக்கிஸில் இன்னும் ஆழமாகப் போய்விட்டது. அது மண்ணுக்கு உள்ளேயே, வெளிச்சமே படாமல், பச்சையம் இல்லாத குட்டிக் கிழங்காக வாழ்கிறது. தன் சாப்பாட்டைத் தானே செய்ய முடியாது. உடம்புக்குள் குடியிருக்கும் பூஞ்சை மண்ணிலிருந்து கொண்டுவருவதை வைத்துத்தான் பிழைக்கிறது. டேவிட் பியர்ஹார்ஸ்ட் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1960களில் பசிபிக் பகுதிச் செடிகளில் இந்தக் கிழங்குகளைத் தேடி எடுத்து விரிவாக விவரித்தார்.

ஆகவே நீங்கள் காட்டில் பார்க்கும் ஒரு கொத்துத் தாளுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஒரு குடித்தனமே இருக்கிறது. பூஞ்சை இழைகள், சுற்றியிருக்கும் மரவேர்கள், பல வருஷச் சருகு மக்கிய மண், அடுத்த தலைமுறைக்கான கிழங்குகள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் செடி. கரண்டியில் எடுத்து வருவது அதில் ஒரு துண்டு. தொட்டியில் அது கொஞ்சநாள் நிற்பது உள்ளே இருக்கும் சேமிப்பை வைத்துத்தான் என்று நினைக்கிறேன்.

வித்தைத் தூவி வளர்க்கலாமா என்று கேட்பீர்கள். ஸ்கைசீயா வித்துகளை ஆய்வகத்தில், கிருமி நீக்கிய ஊட்டக்கூழில் முளைக்க வைத்திருக்கிறார்கள். வட அமெரிக்காவில் ஸ்கைசீயா புசில்லா என்று குளிர்நாட்டுக்காரி ஒருத்தி இருக்கிறாள், விரலளவு உயரம், அவளை வைத்து நிறைய செய்திருக்கிறார்கள். வீட்டில் மற்றப் பெரணிகளுக்குச் செய்வதுபோல் பிளாஸ்டிக் டப்பாவில் கரிமண் போட்டுத் தூவிப் பார்த்தால், என் கையில் பாசியும் பூஞ்சணமும்தான் வந்தன. விரல்காரிக்கு வீட்டு முறை எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வளர்க்கும் ஆசை இருந்தால் சைலோட்டத்தையோ ரிபு-ரிபுவையோ வளர்த்துப் பாருங்கள், அவை நம் கையைப் பொறுத்துக்கொள்ளும்.

படமும் குறிப்பும்

வெறும் நுனியை மட்டும் படம் எடுத்துவிட்டு வந்து, பிறகு எதுவும் சொல்ல முடியாமல் நின்றவர்களில் நானும் ஒருவன். ஐந்து படம் வேண்டும். நின்ற இடம் தெரிகிற மாதிரி, மரமும் சருகும் சேர்த்து ஒன்று. செடி முழுவதும் அடிமுதல் நுனிவரை ஒன்று. விரலின் மேல்பக்கம், பிறகு அடிப்பக்கம். கடைசியாக, தாளின் பக்கத்தில் அளவுகோல் வைத்து அகலம் தெரிய ஒன்று. கைப்பேசி எப்போதும் பின்னால் உள்ள சருகைத்தான் தெளிவாக்கும், மெல்லிய தாளை விட்டுவிடும். தாளுக்குப் பின்னால் உங்கள் உள்ளங்கையையோ ஒரு கறுப்பு அட்டையையோ வைத்தால் சரியாகிவிடும். கைவில்லையைக் கைப்பேசியின் கண்ணோடு ஒட்டிவைத்து எடுத்தால் வித்துப்பைகள்கூட விழும், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும்.

குறிப்பில் தேதி, இடம், மண் எப்படி, நிழல் எப்படி, எத்தனை கொத்து, எத்தனை தாளில் விரல் இருந்தது. விரலின் எண்ணிக்கையும் எழுதுங்கள், ஒரே கொத்தில்கூடச் சிறிய தாளில் குறைவாகவும் பெரிய தாளில் கூடுதலாகவும் இருக்கும். ஐநேச்சுரலிஸ்ட் மாதிரியான தளத்தில் ஏற்றினால் பெரணி தெரிந்தவர்கள் பார்த்துப் பெயரை உறுதிசெய்வார்கள். ஆனால் இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைத்து ஏற்றுங்கள். செடி சேகரிக்கிறவர்கள் அங்கேயும் பார்க்கிறார்கள்.

விரலைக் கிள்ளுவது பற்றிச் சொல்கிறேன் என்றேன். தீபகற்ப மலேசியாவில் ஒதுக்கப்பட்ட காடுகளுக்கு 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் உண்டு. உள்ளே போகவே அனுமதி வாங்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன, எதையும் எடுத்துவரக் கூடாது. சிங்கப்பூரில் புக்கிட் தீமா மாதிரியான காப்பகங்களில் ஓர் இலையைக் கிள்ளுவதும் குற்றம். அங்கெல்லாம் கண்ணும் கைப்பேசியும் மட்டும். வித்து பார்க்க வேண்டுமென்றால் சொந்த நிலமோ, உரிமையாளரைக் கேட்டு நுழைந்த தோட்டமோதான் சரி. அங்கேயும் குறைந்தது பத்துக் கொத்தாவது இருந்தால்தான் நான் ஒரு விரல் எடுப்பேன்.

உங்கள் நிலத்திலேயே இருந்தால்

தாத்தா காலத்து இரண்டு மூன்று ஏக்கர் பால்மரத்தை வெட்டாமல் போட்டு வைத்திருக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே இது நிற்கிறது என்று தெரிந்தால் செய்ய வேண்டியது மிகக் குறைவு. சருகை வாராதீர்கள், கொளுத்தாதீர்கள். அந்தத் திட்டைச் சுற்றி நாலு குச்சி நட்டு, ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, புல் வெட்டுகிற ஆளிடம் இதற்குள் மெஷினை விடாதே என்று நேரில் காட்டிச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது, அவருக்கும் இது புல்தான். உரம் போடாதீர்கள், ஏழை மண்ணில் இருப்பதைக் கொழுக்க வைத்தால் மற்றப் புல் வந்து மூடிவிடும். மேலே நிழல் தரும் மரத்தை வெட்டாதீர்கள்.

மருந்து விஷயத்தில் எனக்குச் சொந்த வலியும் உண்டு. எங்கள் தோட்டத்தில் மருந்தடித்ததெல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்துகொண்டு, கையுறைகூட இல்லாமல், நிரை நிரையாகப் போவார்கள். அம்மாவின் நகங்கள் அந்த வருஷங்களில் கறுத்துப்போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. ஆனால் மற்ற மருந்துகள் கடையில் இருக்கின்றன, களை என்றால் கை தானாக அவற்றைத் தேடுகிறது. திட்டிலிருந்து நாலைந்து மீட்டருக்குள் எதையும் அடிக்காதீர்கள், காற்று அடிக்கும் நாளில் அதைவிடத் தூரத்திலும் அடிக்காதீர்கள். களை வந்தால் உட்கார்ந்து கையால் பிடுங்குங்கள், பிடுங்குமுன் ஒவ்வொரு தாளின் நுனியையும் பாருங்கள்.

மறுநடவுக்காகக் காட்டை அழிக்கப் போகிறார்கள் என்றால், அதற்குமுன் ஒருமுறையாவது போய் எண்ணி, படம் எடுத்து, குறிப்பு எழுதி வைத்துவிடுங்கள். நான் முதலில் பார்த்த காடு இப்போது செம்பனை. பக்கத்தில் ஓடையோரமாக வெட்டாமல் விட்ட ஒரு துண்டு இருக்கிறது, நாற்பது ஐம்பது மரம் நிற்கும். போன மழைக்காலத்தில் அங்கே பதினொரு கொத்து எண்ணினேன், ஆறில் விரல் இருந்தது. இந்தத் தடவை மழை விட்டதும் மறுபடி போய் எண்ண வேண்டும்.